பூட்டனார் உபதேசியாராக இருந்தாரா? ஆவணங்களில் தேடும் வழி

கேள்வி இது: மெஞ்ஞானபுரம் பக்கத்துக் குடும்பம். பாட்டையாவின் தகப்பனார், அதாவது பூட்டனார், 1860க்கும் 1890க்கும் இடையில் "ஊழியம் பார்த்தவர்", கோயிலில் பிரசங்கம் பண்ணுவார் என்று வீட்டில் பேச்சு. பட்டம் பெற்ற குருவானவர் இல்லை. கையில் ஒரு காகிதமும் இல்லை. இதை எப்படி நிச்சயப்படுத்துவது?

குருப்பட்டம் பெறாமல் சபை நடத்தி, ஜெபம் சொல்லி, பிரசங்கம் பண்ணியவருக்குத் திருநெல்வேலிச் சீமையில் உபதேசியார் என்று பெயர். பலர் தேடத் தொடங்குவது குருப்பட்டம் பெற்றவர்களின் அபிஷேகப் பட்டியலில். அங்கே அவர் இருக்கவே மாட்டார். உபதேசியார் மிஷனிடம் மாதச் சம்பளம் வாங்கிய ஊழியர். இன்று ஒரு ஊர், நாளை வேறு ஊர் என்று மாற்றப்பட்டவர். ஆகவே சம்பளம் வாங்கும் ஆளைத் தேடுவது போலத் தேடுங்கள்: யார் கொடுத்தார்கள், எங்கே அனுப்பினார்கள், யார் மேற்பார்வை பார்த்தார்கள். இந்த மூன்றும் பிடிபட்டால் ஆள் பிடிபடுவார்.

முதலில் வீட்டுப் பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். "ஐயர்" என்று சொன்னார்களா, "உபதேசியார்" என்றார்களா, "வாத்தியார்" என்றார்களா? தென்பாண்டிச் சபைகளில் ஐயர் என்றால் பட்டம் பெற்ற குரு. பழைய எழுத்தில் பெயருக்கு முன் "கனம்" என்று இருந்தாலும் அதேதான். உபதேசியாருக்குக் கீழே வாசகர் என்று ஒரு நிலை உண்டு. வேதம் வாசித்து ஜெபம் நடத்துவார். மூப்பர் சபைக்குள் பெரிய மனிதர், ஊதியம் இல்லாதவர். வாத்தியார் கதைதான் சிக்கல். சிறிய ஊர்களில் ஒரே ஆள் வாரம் முழுவதும் பள்ளிக்கூடம் நடத்தி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் நடத்தினார். அவரை ஒரு பதிவேடு உபாத்தியாயர் என்றும் இன்னொன்று உபதேசியார் என்றும் எழுதும். இரண்டு பெயரையும் பார்த்து இரண்டு ஆள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் அதே வேலைக்கு வேதியர் என்ற சொல்லும் வரும்.

அடுத்து, எந்த மிஷன். இதைத் தீர்க்காமல் ஒரு அடியும் எடுத்து வைக்க முடியாது. திருநெல்வேலியில் ஊர்ப் பெயரே பெரும்பாலும் விடை சொல்லிவிடும். மெஞ்ஞானபுரம், டோனாவூர், சுவிசேஷபுரம், பண்ணைவிளை, நல்லூர், சுரண்டை இவையெல்லாம் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) வட்டாரம். முதலூர், நாசரேத், இடையன்குடி, சாயர்புரம் எஸ்.பி.ஜி. (சுவிசேஷம் பரப்பும் ஆங்கிலேயச் சங்கம்) வட்டாரம். நாகர்கோவில், நெய்யூர், மயிலாடி என்றால் எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சொசைட்டி). மதுரையில் அமெரிக்க மிஷன், தரங்கம்பாடி, தஞ்சைப் பக்கத்தில் லுத்தரன்கள், மன்னார்குடி, நாகப்பட்டினத்தில் வெஸ்லியன்கள். இரண்டு மிஷன் எல்லையில் இருக்கும் ஊர்க்காரர்கள் இரண்டையும் பார்க்க வேண்டியதுதான்.

மெஞ்ஞானபுரம் என்றால் சி.எம்.எஸ். அங்கே 1837 முதல் 1870 வரை ஜான் தாமஸ் ஐயர் இருந்தார். இந்த ஒரு பெயர் உங்களுக்குத் தங்கம். இங்கிலாந்துக் காப்பகத்தில் உங்கள் பூட்டனார் பெயரில் கோப்பு இருக்காது; அவரை மேற்பார்த்த மிஷனரி பெயரில்தான் இருக்கும்.

வெளிநாட்டுக்கு எழுதுவதற்கு முன்னால் உள்ளூர்ப் பதிவேடுகள். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று மூன்று புத்தகங்கள் சேகர அலுவலகத்தில் இருக்கும் (சேகரம் என்பது பல ஊர்ச் சபைகள் சேர்ந்த பகுதி). இங்கே நடக்கும் வழக்கமான தவறு, இன்றைக்கு உங்கள் ஊர் எந்தச் சேகரத்தில் இருக்கிறதோ அங்கே போய்க் கேட்பது. சேகரங்கள் பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன. பிரியும்போது பழைய புத்தகம் தாய்ச் சேகரத்திலேயே தங்கிவிடும். 1870இல் உங்கள் ஊர் எந்தச் சேகரத்துக்குள் இருந்தது என்று கேட்டு அங்கே போங்கள். சேகரங்களுக்கு மேலே பேராயரின் ஆட்சிப் பகுதியான திருமண்டலமும் பிரிந்திருக்கிறது: மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் எல்லாம் 2003 முதல் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம். டோனாவூரும் இடையன்குடியும் திருநெல்வேலித் திருமண்டலத்திலேயே இருக்கின்றன. அனுமதிக் கடிதம் எந்த அலுவலகத்தில் வாங்குவது என்பது இதைப் பொறுத்தது.

போகும்போது உங்கள் சேகர குருவிடமிருந்து ஓர் அறிமுகக் கடிதம் கொண்டுபோங்கள். சனி, ஞாயிறு, அசனப் பண்டிகை, லெந்து, கிறிஸ்துமஸ் சமயம் வேண்டாம். யாருக்கும் நேரம் இருக்காது. படம் எடுக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். விடாதபோது அந்தப் பக்கத்தை வரிக்கு வரி, எழுத்துப் பிழையோடு அப்படியே நகல் எழுதுங்கள். பிழையைத் திருத்தி எழுதினால் பின்னால் ஒப்பிட முடியாது.

பதிவேட்டில் எதைப் பார்ப்பது? எல்லாரும் பூட்டனாரின் சொந்த ஞானஸ்நானத்தைத் தேடுவார்கள். அதில் அவர் கைக்குழந்தை. தொழில் என்ன இருக்கப்போகிறது? தேட வேண்டியது அவருடைய பிள்ளைகளின் ஞானஸ்நானம். தகப்பன் தொழில் எழுதும் இடத்தில்தான் அவர் வேலை தெரியும். ஒரு கற்பனை உதாரணம் வைத்துக்கொள்வோம். தே. ஞானமுத்து என்பவருக்கு நான்கு பிள்ளைகள். 1868 பதிவில் தொழில் "பனைத்தொழில்", ஊர் சொந்த ஊர். 1872இல் "வாசகர்", ஊர் எட்டு மைல் தள்ளி. 1876இல் "உப.", ஊர் இன்னொன்று. 1885இல் "பயிர்த்தொழில்", திரும்பவும் சொந்த ஊர். இந்த நான்கு வரியும் ஒரு மனிதரின் முழு ஊழியக் கதை: 1868க்கும் 1872க்கும் இடையில் வேலைக்குச் சேர்ந்தார், மாற்றலில் போனார், உயர்ந்தார், 1885க்கு முன் விட்டார் அல்லது விலக்கப்பட்டார். தொழில் எழுதாத பதிவேடாக இருந்தாலும் ஊர் மாற்றம் பேசும். நிலபுலன் உள்ள குடியானவர் வீட்டில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே ஊரில் பிறப்பார்கள். நான்கு பிள்ளைகளும் நான்கு ஊரில் பிறந்திருந்தால், அந்த ஊர்கள் எல்லாம் ஒரே மிஷன் வட்டாரத்துக்குள் இருந்தால், மாற்றல் வேலை பார்த்தவர் என்று சந்தேகப்படத் தாராளமாக இடம் உண்டு. சந்தேகம்தான், சாட்சி அல்ல. மிஷன் பள்ளி வாத்தியாரும் அப்படியே மாற்றப்பட்டார்.

"உப." என்ற சுருக்கம் வரும்போது நிதானம் தேவை. உபதேசியாரும் உப., உபாத்தியாயரும் உப. அதே கையெழுத்தில் எழுதிய முன்பக்கம் பின்பக்கம் புரட்டி, அந்த எழுத்தர் வாத்தியாரை எப்படிச் சுருக்குகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

விவாகப் பதிவேடு இதைவிட உறுதியானது. 1872ஆம் ஆண்டின் 15ஆம் சட்டமான இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டம் தந்த படிவத்தில் வயது, நிலை, தொழில், அப்போது குடியிருந்த ஊர், தகப்பன் பெயர் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. கீழே சாட்சிகளின் கையொப்பம். இந்தக் கையொப்பங்களை விட்டுவிடாதீர்கள். உபதேசியார் தன் சபையில் நடந்த பல விவாகங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார். தொடர்பில்லாத ஐந்தாறு குடும்பங்களின் விவாகத்தில் ஒரே ஆள் சாட்சி என்றால், அவர் உறவுக்காரராக வந்து நிற்கவில்லை, வேலையாக நிற்கிறார் என்று அர்த்தம். அதே சட்டத்தின் 9ஆம் பிரிவில், இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு விவாகச் சான்று கொடுக்கக் குருப்பட்டம் இல்லாதவருக்கும் அரசு உரிமம் தரலாம். தந்தால் அரசு கெஜட்டில் அறிவிப்பு வர வேண்டும். மதராஸ் மாகாண கெஜட் பழைய தொகுதிகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். எல்லா உபதேசியாருக்கும் இந்த உரிமம் கிடையாது என்பதால் பெயர் இல்லாவிட்டால் ஒன்றும் நிரூபணம் ஆகாது. இருந்தால் அதைவிடப் பலமான காகிதம் கிடைப்பது அரிது.

பூட்டியையும், அதாவது பூட்டனாரின் மனைவியையும், தேடுங்கள், ஆண் வழியை மட்டும் பிடித்துக்கொண்டு இதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். மிஷன் விடுதிப் பள்ளியில் படித்த பெண்களை உபதேசியாருக்கும் வாத்தியாருக்கும் கட்டிக்கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம். பூட்டி எழுதப் படிக்கத் தெரிந்தவர், பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், வீடு வீடாக வேதம் வாசிக்கப் போனார் என்று குடும்பத்தில் ஒரு நினைவு இருந்தால் அதைக் குறித்து வையுங்கள். விடுதிப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் புத்தகம் கிடைத்தால், மாணவி பெயருக்கு எதிரே பின்னாளில் யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்ற குறிப்பும் சில சமயம் இருக்கும்.

கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். கல் எழுத்து மங்கியிருந்தால் சுண்ணாம்போ சாக்பீஸோ பூச வேண்டாம், கல் கெடும். காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழும்போது படம் எடுத்தால் எழுத்து தானே தெரியும். கல்லில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) இருந்தால் பதறாதீர்கள், தென் திருநெல்வேலியிலும் திருவிதாங்கூரிலும் அது சாதாரணம். கிறிஸ்து ஆண்டு தெரிய, ஆவணி முதல் மார்கழிப் பாதி வரையுள்ள தேதிக்கு 824ஐக் கூட்டுங்கள். அதற்குப் பிறகு ஆடி முடிய 825. கொல்லம் 1050 மாசி என்றால் 1875. கல் பேரப்பிள்ளைகள் காலத்தில் வைத்ததாக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். 1950இல் பொறித்த "உபதேசியார்" என்ற சொல் குடும்ப நினைவுதான், 1880இன் ஆவணம் அல்ல.

இனி அச்சுப் புத்தகங்கள். சி.எம்.எஸ். 1804 முதல் 1904 வரையிலான தன் மிஷனரிகளுக்கும் சுதேச குருமாருக்கும் ஒரு பெயர்ப் பதிவு அச்சிட்டிருக்கிறது. அதை முதலில் பாருங்கள். பூட்டனார் பெயர் அதில் இருந்தால் அவர் பட்டம் பெற்றவர்; கேள்வியே மாறிவிடும். இல்லை என்றால் உபதேசியார் என்ற பேச்சுக்கு இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆண்டறிக்கைகளை நம்பி நாட்களைச் செலவழிக்க வேண்டாம். அவற்றில் குருமார் பெயரோடு வருவார்கள். உபதேசியார்களும் வாசகர்களும் வாத்தியார்களும் எண்ணிக்கையாக மட்டும் வருவார்கள். பெயர் கிடைக்கிற இடம் மிஷனரிகளின் நாட்குறிப்புகளும் கடிதங்களும். அவற்றின் பகுதிகள் சி.எம்.எஸ். மாத இதழ்களில் அச்சாகியிருக்கின்றன. பழைய தொகுதிகள் இணைய நூலகங்களில் இலவசமாகவே கிடைக்கும். தேடும்போது ஆள் பெயரைப் போடாதீர்கள், ஊர்ப் பெயரைப் போடுங்கள், அதுவும் அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலில். அன்றைய ஆங்கிலேயர் "உ" ஒலிக்கு இரட்டை ஓ, "இ" ஒலிக்கு இரட்டை ஈ போடுவார்கள். புரம் "பூரம்" ஆகும், குடி "கூடி" ஆகும், முதலூர் "மூடலூர்" ஆகும். "ஞ" ஒலியை ஒருவர் ஜி-என் என்பார், இன்னொருவர் என்-ஒய் என்பார். தேவசகாயத்தை எட்டு விதமாக எழுதியிருப்பார்கள். தரங்கம்பாடி ஜெர்மானியர் எழுதியதில் சவரிமுத்துவின் "ச"வுக்கு எஸ்-சி-எச் மூன்றும் சேர்ந்து வரும். வரி முறிவில் ஊர்ப் பெயர் இரண்டாக உடைந்திருந்தால் கணினித் தேடல் கண்டுகொள்ளாது. அதனால் பெயரின் முதல் பாதியை மட்டும் போட்டும் ஒருமுறை தேடுங்கள்.

எல்.எம்.எஸ்., அமெரிக்க மிஷன் குடும்பங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. எல்.எம்.எஸ். ஏற்பாட்டில் இங்கிலாந்தில் ஒரு சபையோ தனி ஆளோ, பெரும்பாலும் ஆண்டுக்கு 10 பவுண்டு கொடுத்து, ஒரு சுதேச ஊழியரைத் தாங்கினார்கள். தங்களுக்குப் பிரியமான போதகரின் பெயரை அவருக்கு வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனும் விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடையாளிகள் பெயரைச் சூட்டியது. வீட்டில் வேதமாணிக்கம், மிஷன் அறிக்கையில் முழு ஆங்கிலப் பெயர் என்று இருக்கும். ஆகவே இந்த மிஷன்களில் பெயர் இல்லை என்று சொல்வதற்கு முன் நன்கொடைப் பட்டியலையும் பார்க்க வேண்டும். எந்த நிலையம், எந்தப் பெயர் என்று வரி வரியாக இருக்கும். யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையும் உண்டு. பழைய யாழ்ப்பாண அச்சுகளை "நூலகம்" என்ற பெயருள்ள இணையதளத்தில் தேடலாம்.

வெளிநாட்டுக் காப்பகங்கள் கடைசிப் படி. சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் காட்பரி ஆய்வு நூலகத்தில் இருக்கின்றன. எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில். எல்.எம்.எஸ்., வெஸ்லியன் இரண்டும் லண்டன் சோவாஸ் கல்லூரி நூலகத்தில். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் வேலை செய்த அமெரிக்க மிஷனின் காகிதங்கள் ஹார்வர்டு ஹௌட்டன் நூலகத்தில். தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனம். இந்தியாவுக்குள் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரிக் காப்பகம் பல மிஷன்களின் காகிதங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. விமானச் செலவுக்கு முன் ரயில் செலவு செய்து பார்க்கலாம். மதுரை மிஷன் கத்தோலிக்கர்களுக்குக் கொடைக்கானல் செண்பகனூரில் உள்ள சேசு சபைக் காப்பகம்.

காலத்தைப் பொறுத்து எதிர்பார்ப்பையும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 1820 முதல் 1860 வரை மிஷனரிகள் நீளமாக நாட்குறிப்பு எழுதி அனுப்பினார்கள்; ஊர் ஊராகப் போய், அங்குள்ள உபதேசியாரைச் சோதித்து, பெயர் சொல்லிப் பாராட்டியோ திட்டியோ எழுதினார்கள். பின்னால் சபைச் செலவும் உபதேசியார் சம்பளமும் உள்ளூர்ச் சபைச் சங்கங்களின் கைக்குப் போகப் போக, லண்டனுக்குப் போன கடிதங்களில் அடிமட்ட ஊழியர் பெயர் குறைந்துவிட்டது. உங்கள் பூட்டனார் 1860க்குப் பிந்தியவர் என்பதால் பர்மிங்ஹாமைவிடச் சேகரக் கணக்குப் புத்தகமும் சங்க நடவடிக்கைக் குறிப்பும்தான் அதிகம் கைகொடுக்கும். கரையான் தின்னாமல் மிஞ்சியிருக்க வேண்டும், அது வேறு விஷயம்.

ஒரு பெயர் சில ஆண்டுகள் வந்து திடீரென்று நின்றுபோனால் சாவு என்று முடிவு செய்யாதீர்கள். 1835இல் திருநெல்வேலி மிஷனரி ரேனியஸ் ஐயர் சி.எம்.எஸ்.ஸைவிட்டுப் பிரிந்தபோது உபதேசியார் பலர் அவரோடு போனார்கள்; 1838இல் அவர் இறந்த பிறகுதான் பெரும்பாலோர் திரும்பினார்கள். அந்த இடைவெளி சி.எம்.எஸ். காகிதத்தில் வெறுமையாகத் தெரியும். நாசரேத் பக்கம் 1857இல் சட்டாம்பிள்ளை தனிச் சபை தொடங்கியபோதும் ஒரு கூட்டம் பிரிந்தது. இலங்கைத் தோட்டங்களுக்கு 1850களில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் திருநெல்வேலி உபதேசியார்கள் போனார்கள். அவர்களைக் கண்டிப் பக்கத்துப் பதிவேடுகளில்தான் பிடிக்க வேண்டும். வேலையைவிட்டு நீக்கப்பட்டவர்களும் உண்டு. கடன், குடும்ப வழக்கு, மிஷனரியோடு மனஸ்தாபம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தேடிப் போகிறவர் இதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொண்டுதான் போக வேண்டும்.

எவ்வளவு கிடைத்தால் போதும்? ஞானமுத்து, தேவசகாயம், மாசிலாமணி என்ற பெயர்கள் ஒவ்வொரு சேகரத்திலும் கொத்துக் கொத்தாக இருக்கும். பெயரும் ஊரும் மட்டும் பொருந்தினால் போதாது. தகப்பன் பெயர் அல்லது மனைவி பெயர் மூன்றாவதாகப் பொருந்த வேண்டும். அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுதிய, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு ஆவணங்கள் அவரை உபதேசியார் என்று சொன்னால் தயங்காமல் குடும்ப மரத்தில் எழுதலாம். ஒன்று மட்டும் கிடைத்தால் ஆவணத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ஊர் மாற்றமும் வீட்டுப் பேச்சும் மட்டும்தான் என்றால் "மிஷன் ஊழியராக இருந்திருக்கலாம்" என்பதற்கு மேல் போகக் கூடாது.

காப்பகத்துக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். குடும்ப வரலாறு முழுவதும் அவர்களுக்குத் தேவையில்லை. மிஷன் பெயர், வட்டாரம், அங்கிருந்த மிஷனரி பெயர், பத்தாண்டுக்கு மேற்படாத ஒரு கால அளவு, பூட்டனார் பெயரின் மூன்று நான்கு ஆங்கிலக் கூட்டல்கள், சந்தேகப்படும் ஊர்கள். "என் முன்னோர் பற்றி என்ன இருக்கிறது" என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று பதில் வரும். "இந்த மிஷனரியின் இந்த ஆண்டுகளுக்கான கடிதக் கோப்பில் எத்தனை தாள்கள், நகலுக்கு எவ்வளவு" என்று கேட்டால் வேலை நடக்கும். கோப்பு எண்ணை அவர்களுடைய இணையப் பட்டியலில் முன்கூட்டியே பார்த்துக் கடிதத்தில் எழுதிவிடுங்கள்.